மங்களேஸ்வரி இல்லாமல் ஒரு நாள்

பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுக்கிறவர்கள் கொஞ்சம் பேர். பஸ் ஏறி டிக்கெட்டும் எடுத்த பிறகு, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க, எறங்கணும்" என்று கத்தி, இறங்கி ஓடி வந்து பார்த்தவள் குத்துக்கல்வலசையிலேயே ஒருத்திதான். அவள் மங்களேஸ்வரி. பூட்டு பூட்டித்தான் இருந்தது. மில்லுக்குப் பிந்திப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

புருஷன் சொரிமுத்து லாரி ஓட்டுகிறவன். புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய்விட்டு வருவான். அவன் வண்டி எடுக்கிற அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்காது. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனால்? எதிரே மரத்தடி ஏற்றிய லாரி வந்தால்? மழையில் மண் சரிந்தால்? அவன் வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். "ஏட்டி, நான் போற ரோடெல்லாம் ஒனக்குப் பள்ளமாத்தான் தெரியுமா? கொஞ்சம் மேட்டையும் நெனையேன்" என்பான் அவன். அவளுக்குச் சிரிப்பு வராது. பயப்படுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். அவள் பயந்ததனால் என்னென்ன நடக்காமல் போனது என்று எவன் கணக்குப் பார்த்தான்?

மில் குத்துக்கல்வலசையைத் தாண்டி வயக்காட்டு ஓரத்தில் இருந்தது. நூல் மில். அங்கே ரீலிங் பகுதியில்தான் அவள் சின்ன வயதிலேயே சேர்ந்தாள். ரீலிங் என்றால் நிற்கிற வேலை. ஷிப்டு தொடங்கும்போது நின்றால் சங்கு ஊதுகிற வரை நிற்க வேண்டும். ஓடுகிற நூலைப் பார்த்துக்கொண்டே, அறுந்தால் முடிந்துகொண்டே, பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டே நிற்க வேண்டும். கல்யாணமாகி நாலைந்து வருஷத்திலேயே அவள் முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நீலமாக எழும்பிவிட்டது. வீட்டுக்கு வந்தால் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்தால்தான் அடுத்த வேலை.

எண்பத்தைந்தில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அப்போது நடந்த கூத்தைக் கேட்க வேண்டும். யூனியன்காரர்கள் அது ஆளைத் தின்னும் என்றார்கள். டைம் ஆபீஸ்காரர்கள் ரிஜிஸ்டரைத் தின்னும் என்றார்கள். டைம் கீப்பர் பலவேசம், மில்லில் சேர்ந்த நாள் முதல் ஹாஜர் எழுதியே கை காய்த்தவர், "அந்த டப்பா முன்னால உக்காந்தா கண்ணவிஞ்சு போவும். எனக்கு வேண்டாம்ப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆம்பிளை ஒருத்தனும் கிட்டே வரவில்லை. கடைசியில் மேனேஜர், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின பொம்பிளை யாரும் இருக்கிறாளா என்று ரீலிங்கில் வந்து கேட்டார். மங்களேஸ்வரி கையைத் தூக்கினாள். கையைத் தூக்கச் சொன்னது அவள் இல்லை, அவள் கால்.

கொல்லம் மெயில் ஏறி மெட்ராஸ் போய் டிரெய்னிங் முடித்து வந்தாள். அப்புறம் அந்த அறை அவளுடையதானது. மில்லிலேயே குளிர்ச்சியான அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு சேர். அதில் முதல் நாள் உட்கார்ந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. உட்கார்ந்து பார்க்கிற வேலை! ஹாஜர், ஷிப்டு, லீவு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது. காலில் வீக்கம் மெல்ல வடிந்தது. அதோடு புதுப் பயம் ஒன்றும் வந்து உட்கார்ந்தது. இந்தச் சேர் போய்விட்டால்? அதற்குப் பிறகு அவள் பட்ட பயமெல்லாம் இந்த ஒன்றின் பிள்ளை குட்டிகள்தான்.

மெட்ராஸில் பாடம் சொன்னவர் இரண்டு காரியம் செய்யச் சொல்லியிருந்தார். ஒன்று, பெட்டிக்குள் இருக்கிறதை மாதம் ஒரு தடவை ஃப்ளாப்பி என்கிற மெல்லிய சதுரத் தகட்டில் நகல் எடுத்து, மில்லில் வைக்காமல் வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும், அதுவும் கம்ப்யூட்டரே தெரியாத ஆள் படித்தாலும் விளங்குகிற மாதிரி.

வேறொரு இடம் என்று முதலாளியின் குற்றாலத்துப் பங்களாவை மேனேஜர் காட்டினார். ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருந்தது. சீசனுக்கு முதலாளி வீட்டு விருந்தாளிகள் வருவார்கள், மற்ற நாளில் காவலுக்குச் சங்கரம்மாள் என்கிற அம்மா மட்டும். மாதக் கடைசியில் வேன் டிரைவரிடம் மங்களேஸ்வரி ஃப்ளாப்பிகளைக் கொடுத்துவிடுவாள். கூடவே சொல்லியும் விடுவாள்: "ஈரம் மட்டும் படப்புடாதுன்னு ஆச்சிகிட்டச் சொல்லிருங்க. குத்தாலத்துச் சாரலு பொல்லாதது. ஈரம், ஈரம். மறக்காமச் சொல்லுங்க." டிரைவரும் மறக்காமல் சொன்னான். தகரப் பெட்டியில் போட்டுப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பதாகப் பதில் வந்தது. ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். பூட்டை மூன்று தடவை இழுக்கிறவள் இதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கப் போய் அங்கே ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். பயந்தாங்கொள்ளிகளின் புத்தி அப்படித்தான் ஓடும்.

இரண்டாவது காரியத்தை அவள் ஆசை ஆசையாகச் செய்தாள். நோட்டு வாங்கி அட்டை போட்டு, மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பித்தாள். கூரை ஒழுகினால். எலி கடித்தால். இடி விழுந்து கரண்டு எகிறினால். ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்தால். வேன் நடு ரோட்டில் நின்றால். பங்களாவில் குரங்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால். ஒவ்வொன்றுக்கும் கீழே, இன்னது செய்யணும், அதற்குப் பிறகு இன்னது செய்யணும் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். அந்த நோட்டை டைம் ஆபீசில் வைத்து வாசித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "குரங்கு கொண்டு போனா அதுகிட்ட எப்பிடிக் கேக்கணும்னு எழுதலயா?" என்றார் பலவேசம்.

எல்லாம் எழுதினவள் தீயை மட்டும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அவள் வளர்ந்த வீட்டில் விளக்கு அணைந்தது என்றுகூட ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், மலையேறிற்று என்பார்கள். அடுப்பை அணைக்காதே, குளிர வை என்பார்கள். பிள்ளையார் சுழி போட்டு மஞ்சள் தடவின நோட்டில், 'மில்லில் தீப்பிடித்தால்' என்று அவள் கை எப்படி எழுதும்? பஞ்சு அடைந்து கிடக்கிற இடம் வேறு. எழுதினால் நடந்துவிடும் என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

எண்பத்தெட்டு ஆடி மாதம். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மெட்ராஸ் ஹெட் ஆபீசிலிருந்து ராமசேஷன் என்று ஒருத்தர் வந்து இறங்கினார். ஒல்லி, கறார், தொட்டால் சுடுகிற மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முதலாளிக்கு இந்தக் கம்ப்யூட்டரை ராஜபாளையத்து மில்லுக்கு மாற்றிவிடலாமா என்று யோசனை. இங்கே வைத்தால் பத்திரமா என்று சோதித்துச் சொல்லத்தான் இவர் வந்திருக்கிறார். அது மங்களேஸ்வரி காதுக்கும் வந்துவிட்டது. பெட்டி ராஜபாளையம் போனால் அவள் எங்கே போவாள்? ரீலிங்குக்குத்தான்.

காலையில் கம்ப்யூட்டர் அறை வாசலில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். உள்ளே போய் ஸ்விட்சை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இந்த ரூம் எரிஞ்சு போயிடுத்துன்னு வச்சுக்கோங்க" என்றார். "உள்ளே இருக்கறது ஒண்ணும் கிடையாது. வெளியில இருக்கற நகலை வச்சு, வேற ஒரு மெஷின்ல, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போன மாச ஹாஜர் முழுக்கப் பிரிண்ட்ல வரணும். வந்தா கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கும்."

மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. "எரிஞ்சு கிரிஞ்சுன்னு எதுக்கு சார் அச்சானியமா? கெட்டுப் போச்சுன்னு வச்சிக்கிடுவோமே."

"எரிஞ்சுடுத்து" என்றார் ராமசேஷன் மறுபடியும். "அது மட்டுமில்லே. ரூமுக்குள்ள ஆபரேட்டரும் இருந்தா. அவளும் போயிட்டா."

கூட்டத்தில் ஒரு பொம்பிளை, "அய்யோ, வாயக் கழுவுங்க சார்!" என்று கத்தியேவிட்டாள். மேனேஜர் சிவ சிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மங்களேஸ்வரிக்குக் காது அடைத்தது. தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். லீவில் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று மேனேஜர் கெஞ்சினார். லீவில் போனால் ஆள் விட்டுக் கேட்டு வருவீர்கள், போனவளிடம் யாரும் கேட்க முடியாது என்றார் ராமசேஷன். நியாயம் என்னவோ நியாயம்தான். அதைச் சொல்கிற வாய் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

"இவங்க கூடவே வரட்டும். ஆனா பேசப்படாது, கை காட்டப்படாது, தலையாட்டப்படாது. பேசினா அந்த நிமிஷமே டெஸ்ட் ஃபெயில். இவங்க எழுதி வச்ச நோட்டு மட்டும்தான் பேசணும். செய்யப் போறது யாரு?"

கம்ப்யூட்டரைத் தொடாத ஆளாக இருக்க வேண்டும் என்றார். மேனேஜர் கண் பலவேசத்தின் மேல் போய் நின்றது. பலவேசம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. நோட்டை அவர் கையில் திணித்து முதுகில் தட்டிய மேனேஜர், "பயப்படாதீரும். நீரு செஞ்சு காட்டிட்டீருன்னா இனிமே யாரு வேணும்னாலும் இதைப் பாக்கலாம்லா. ஒரே ஆளையே நம்பிக் கெடக்க வேண்டாம் பாத்துக்கிடும்" என்றார்.

யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. மங்களேஸ்வரிக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. பலவேசம் தோற்றால் பெட்டி ராஜபாளையம் போய்விடும், அவள் ரீலிங்குக்குப் போவாள். ஜெயித்தாலோ அவள் இல்லாமலே வேலை நடக்கும் என்று ஆகிவிடும். சீனியர் பலவேசம், ஆம்பிளை பலவேசம், சேரில் உட்காருவார். அப்போதும் அவள் ரீலிங்குக்குத்தான். எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அவளை ரீலிங்குக்கு அனுப்பப் போகிற வழியை அவளே பிள்ளையார் சுழி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வேன் புறப்படுவதற்குள் கேன்டீன்காரி எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். மங்களேஸ்வரியிடம் வந்ததும் நீட்டலாமா கூடாதா என்று முழித்தாள். "போனவளுக்குக் காப்பி எதுக்குட்டி? படைக்கணும்னா எலை போடணும்லா" என்று எவனோ சொல்ல, கொல்லென்று சிரித்தார்கள். மங்களேஸ்வரி காப்பியை வாங்கவில்லை.

வேனில் ராமசேஷனும் மேனேஜரும் ஏறினார்கள், அவளைக் கடைசி சீட்டில் உட்காரவைத்தார்கள். முன்னால் பலவேசம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தார். நகல் இருக்கும் இடம், குற்றாலம் பங்களா. கேட்க வேண்டிய ஆள், சங்கரம்மாள் ஆச்சி. அதே மாதிரி வேறு மெஷின், தென்காசி கோயில் பக்கத்தில் அகமது கபீரின் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட், அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறது. "எல்லாத்தையும் எழுதித்தான் வச்சிருக்கா" என்று பலவேசம் முணுமுணுத்தார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. சாரல் காற்று சில்லென்று அடிக்கிற நேரத்தில் ஆளுக்கு வேர்க்கிறது! ரோட்டில் சீசன் கூட்டம், எண்ணெய் தேய்த்த தலைகளும் ஈரத் துண்டுகளுமாக. வேன் ஊர்ந்துதான் போனது.

பங்களாவில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சங்கரம்மாள் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள். மில் பெட்டியைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னைக்குத்தான் கேக்கத் தோணிச்சாக்கும்? கண்ணு மாதிரில்லா வச்சிருக்கேன்" என்று சொல்லி, ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பீரோவுக்குப் பக்கத்தில் இல்லை. அடுப்படியில். அடுப்புக்கு நேர் மேலே பரணில், உப்புப் பானைக்கும் புளிப் பானைக்கும் தீப்பெட்டிக் கட்டுக்கும் நடுவில் கையை விட்டு அந்தத் தகரப் பெட்டியை இறக்கினாள்.

மங்களேஸ்வரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"பீரோவுலதான் வச்சிருந்தேன்" என்று ஆச்சி பெருமையாகச் சொன்னாள். "சாரல் வந்திச்சுல்லா, இங்கன துணி காயாது, உப்பு தண்ணியா ஓடும். மில்லுல ஒரு பிள்ள ஈரம் படப்புடாதுன்னு மாசா மாசம் சொல்லி விடுதா. நான் விட்டிருவேனா? பரண்ல ஏத்திட்டேன். அடுப்புச் சூடு இருக்குல்லா, ஈரம் அண்டாது பாத்துக்கிடுங்க."

குற்றாலத்தில் பிறந்து வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நனையக் கூடாத பொருளுக்கு அந்த ஊரில் பரணைவிடப் பத்திரமான இடம் கிடையாது. பலவேசம் பெட்டியைத் திறந்தார். ஃப்ளாப்பிகளின் கறுப்பு உறையெல்லாம் பொரிக்கப் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து வளைந்து கிடந்தன. மேலெல்லாம் புகைக் கரி. ராமசேஷன் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் திரும்ப வைத்தார். பலவேசம் பழக்க தோஷத்தில், "ஏட்டி மங்களம், இதுக்கு என்னட்டி செய்ய?" என்று திரும்பிவிட்டார்.

"அவங்க இல்லை" என்றார் ராமசேஷன்.

மங்களேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. இதற்கு வழி இருக்கிறது. மெட்ராஸில் பாடம் சொன்னவர் ஒரு நாள் ஃப்ளாப்பியின் உறையைக் கிழித்து உள்ளே இருக்கிற மெல்லிய கறுப்பு வட்டத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். எழுதினதெல்லாம் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது, உறை வெறும் சட்டைதான் என்றார். வளைந்தது சட்டை. வட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேறு சட்டை மாட்டினால் போதும். அதை அவள் எழுதியும் இருக்கிறாள். ஆனால் சூட்டுக்கு எழுதவில்லை, பூஞ்சைக்கு எழுதியிருக்கிறாள். தீ என்று எழுதப் பயந்தவள் சூடு என்றும் எழுதவில்லையே, பாவி! தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. குட்டிக்கொண்டால் அதையும் ஜாடை என்று சொல்லிவிடுவாரோ என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

தென்காசிக்கு வந்து சேர்ந்தார்கள். பதறிப்போன சங்கரம்மாளும் அடுப்பை யாரிடமோ விட்டுவிட்டுக் கூடவே வேனில் ஏறி வந்துவிட்டாள். கோயில் வாசல் காற்று ஆளைத் தள்ளியது. கபீர் தன் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். பலவேசம் நோட்டில் உள்ளபடி புது ஃப்ளாப்பி ஒரு கட்டு கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது, எழுதியிருந்தது, வாங்கினார். அப்புறம் வளைந்த ஃப்ளாப்பி ஒன்றை மெஷினுக்குள் நுழைக்கப் பார்த்தார். பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். மங்களேஸ்வரி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை ஒழுகினால். எலி கடித்தால். பூஞ்சைப் பக்கம் வந்தது. போயே போய்விட்டது. குரங்கு வந்தால். கடைசிப் பக்கம். பலவேசம் மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். "சூடு பட்டா என்ன செய்யன்னு இதுல இல்ல சார்" என்றார். "தீ, வெக்கை, ஒண்ணுமே இல்ல. குரங்கு இருக்கு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ராமசேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் மங்களேஸ்வரிக்குச் சேரும் மறந்துபோனது, ரீலிங்கும் மறந்துபோனது. 'அண்ணாச்சி, அந்தப் பக்கம்தான், இப்பப் பெரட்டினீங்கள்லா, அதுதான்' என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் கண்டுபிடித்தால் தன் சேர் போய்விடும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் கண்டுபிடியுங்கள், கண்டுபிடியுங்கள் என்றே வேண்டினாள். நாக்கு நுனி வரை வந்த வார்த்தையைக் கடித்துக் கடித்து விழுங்கினாள்.

வாசல்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த சங்கரம்மாள் புலம்பினாள்: "நல்லதுக்குல்லா செஞ்சேன். பீரோவுல வச்சிருந்தப்போ வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போச்சேன்னுதான மேல ஏத்தினேன். பூக்காம இருந்தா நான் எதுக்கு அதைத் தொடுதேன்?"

பலவேசம் தலையை நிமிர்த்தினார். "என்னது ஆச்சி? பூத்திருந்துதா?"

"ஆமா. ஊறுகா மேல பூக்கும்லா, அது மாதிரி."

பலவேசத்தின் விரல் பின்னால் போயிற்று. பூஞ்சைப் பக்கம். உரக்க வாசித்தார். "உறையின் ஓரத்தைப் பிளேடால் கிழிக்கணும். உள்ளே இருக்கும் கறுப்பு வட்டத்தில் மேல்பக்கம் நடுவட்டத்துக்கு ஓரமாய் மையால் ஒரு புள்ளி வைக்கணும். விரல் ரேகை படாமல் எடுத்து, புது உறைக்குள்…" வாசிப்பை நிறுத்திவிட்டு நெளிந்த ஃப்ளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ யப்பா, இதுக்கு உள்ள வேற ஒண்ணு இருக்கா?"

பிளேடு வந்தது. ஹாஜர் எழுதின கை, ஒரு கோடு கோணாமல் போடுகிற கை, இப்போது பிளேடைப் பிடித்தது. கிழித்தார், எடுத்தார், புது ஃப்ளாப்பி ஒன்றின் வட்டத்தை உருவிவிட்டு அந்த உறையில் செருகினார், மெஷினில் போட்டார். மெஷின் கர்ர் கர்ர் என்று உறுமிவிட்டுப் படிக்க முடியவில்லை என்று ஸ்கிரீனில் காட்டியது.

புள்ளி! புள்ளி வைக்கவில்லை. தலைகீழாகப் போட்டுவிட்டார். மங்களேஸ்வரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கண் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயம்.

பலவேசம் நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், குடிக்காமலேயே வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தை மறுபடியும் ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். "புள்ளி…" என்றார். "புள்ளின்னா மேலயும் கீழயும் மாறப்புடாதுன்னு அர்த்தம்." வட்டத்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். மெஷின் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. ஸ்கிரீனில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

மற்றதையும் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து மாற்றினார். சாயங்காலம் கோயில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பிரிண்டர் கத்திக்கொண்டு பேப்பரைத் தள்ளிற்று. டோக்கன் நம்பர், பெயர், ஷிப்டு, ஹாஜர், எல்லாம் வந்துவிட்டது. மேனேஜர் பலவேசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கபீர் கடைக்கு ஆள் விட்டு எல்லாருக்கும் டீ சொன்னார். சங்கரம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ராமசேஷன் பேப்பரை முழுக்கப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

மூலையில் உட்கார்ந்திருந்தவளை யாரும் பார்க்கவில்லை. காலையிலிருந்து இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அது பழகிவிட்டது. அவளுக்கு நேராகவே நின்றுகொண்டு மேனேஜர் பேசினார்: "அப்போ நாளையில இருந்து நீரே சேர்ல உக்காந்திரும் பலவேசம். ரீலிங்ல ஆள் பத்தலன்னு சூப்பர்வைசரு தெனம் என் உசிரை எடுக்காரு. மங்களேஸ்வரிய அங்கன அனுப்பிருவோம். பெட்டியும் பத்திரம், ஆளும் மிச்சம்."

மங்களேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஸ்டூலுக்குக் கீழே அவள் கால் இரண்டும் தானாக ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன.

பலவேசம் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"என்னால ஆவாது சார்" என்றார்.

"என்னவே, இவ்வளவு நல்லா செஞ்சீரு?"

"செஞ்சேன். காலையில இருந்து ஒரு வா சோறு எறங்கல சார், பாத்தீயளா? ஒரே நாளைக்கே எனக்கு உசிரு போயி உசிரு வருது." நோட்டைக் கையில் எடுத்தார். "இதை வாசிச்சு நாங்க சிரிச்சோம். எலியாம், இடியாம், குரங்காம்னு. இன்னைக்கு ஒரு ஒரு பக்கமாப் பெரட்டும்போதுதான் தெரியுது. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து யோசிக்காம ஒரு மனுசிக்கு இவ்வளவு தோணாது சார். மில்லுல இத்தனை பேரு இருக்கோம், ஒருத்தனும் பயப்படல. எல்லாருக்கும் சேத்து அவ ஒருத்தி பயந்திருக்கா. எனக்கு இப்பிடிப் பயப்படத் தெரியாது. நான் அந்தச் சேர்ல உக்காந்தேன்னா, பீரோவுல இருக்குன்னு எவனாவது சொன்னா சரின்னுட்டுப் போயிருவேன். ஒரு நா நெசமாவே எல்லாம் போயிரும். அவளை எந்திரிக்கச் சொல்லுங்க."

மேனேஜர் ராமசேஷனைப் பார்த்தார். ராமசேஷன் மூலைப் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மங்களேஸ்வரி. போறும், எழுந்து வாங்கோ. உங்க சேரை யாரும் எடுக்கப் போறதில்லே."

எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. அழுகை வந்தது பாருங்கள், காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, வெட்கம் மானம் பார்க்காமல் ஓவென்று அழுதாள். சங்கரம்மாள் ஓடி வந்து தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, "நூறு வருசம் இருப்ப தாயி, நூறு வருசம் இருப்ப" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். பலவேசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத்தான் துடைத்தார் என்று அவரே பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

அழுகை ஓய்ந்தது. சேர் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம் மங்களேஸ்வரிக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்களும் இதைப் படிச்சிக்கிடணும்."

"நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டம்லா?"

"சேர் வேண்டாம். வேலையைப் படிங்க. இன்னைக்கு ஆச்சி பூத்துதுன்னு சொன்னதுனால தப்பிச்சோம். ஆச்சி வரலன்னா? நான் நெசமாவே இல்லன்னா? வாரத்துல ஒரு நாள் வாங்க, நான் சொல்லித் தாரேன்."

"ஏட்டி!" பலவேசம் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இப்பத்தான எந்திரிச்ச. அதுக்குள்ளயா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ராமசேஷன்கூட. மங்களேஸ்வரி சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க அண்ணாச்சி" என்றாள். "வெள்ளிக்கிழமை வாங்க. செருப்பை வெளிய விட்டுட்டு வரணும்."